புதிய குரலுக்கு முதல் செவி



கோலார் தங்கவயலின் வடகோடியில் பாலகாட் என்று ஓர் இடம் உண்டு. தங்கவயலைத் திரைப்படத்தின் மூலமாக மட்டும் அறிந்தவர்களுக்கு இந்தப் பெயர் புதிதாக இருக்கலாம். சாம்பியன் ரீஃப், ஊரிகம், நந்திதுர்க்கம், மைசூர் என்ற பெயர்களோடு பாலகாட் என்பதும் இங்கே இருந்த ஒரு சுரங்கத்தின் பெயர். 1880-இல் ஜான் டெய்லர் கம்பெனியார் இந்தப் பூமியில் வேலையைத் தொடங்கிய பிறகு, வட ஆற்காடு, சேலம் முதலிய ஜில்லாக்களிலிருந்து தமிழ்க் குடும்பங்கள் வந்து குடியேறின. 2001-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ஆம் நாள் சுரங்கங்கள் மூடப்பட்டன. இடைப்பட்ட 120 ஆண்டுகளில் பூமிக்குள்ளே 3 கிலோமீட்டருக்கும் மேல் இறங்கி, ஏறத்தாழ 800 டன் தங்கத்தை நம்மவர்கள் மேலே கொண்டுவந்தார்கள். நான் அந்தப் பாலகாட்டில் வளர்ந்தவன்.

தங்கம் எடுப்பதைப் பற்றி வெளியூர் நண்பர்கள் என்னிடம் கேட்கும்போது, பாளம் பாளமாக மஞ்சள் உலோகம் கிடைத்தது என்று எண்ணிக்கொண்டு கேட்பார்கள். உண்மை அப்படி இல்லை. வெட்டி எடுத்த கல்லைப் பார்த்தால் பெரும்பாலும் வெறும் கல்லாகத்தான் இருக்கும். ஒரு டன் கல்லை உடைத்து அரைத்தால் சில கிராம் தங்கம் கிடைக்கும். ஆகவே எந்த இடத்துக் கல்லை வெட்டுவது, எதை விடுவது என்று முன்கூட்டியே தெரிய வேண்டும். அதற்காகப் பாறையின் முகத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கல்லைப் பெயர்த்து, பையில் போட்டு, எந்த இடத்துக் கல் என்று எழுதி, மேலே பரிசோதனைச் சாலைக்கு அனுப்புவார்கள். அங்கே ஒருவர் அதைப் பொடித்து, உருக்கி, நிறுத்து, இந்தக் கல்லில் இவ்வளவு தங்கம் இருக்கிறது என்று சொல்லுவார். அவர் தங்கத்தை உண்டாக்கியவர் அல்லர். ஆனால் அவர் சோம்பியிருந்தால் நல்ல கல்லும் குப்பை மேட்டுக்குப் போய்விடும்.

இசையிலும் அப்படி ஒரு பரிசோதகர் வேண்டும் என்பதே இன்று நான் சொல்ல வந்த செய்தி. அந்த வேலையைச் செய்யத் தகுந்தவர்களில் முதன்மையானவர்கள், தாய்நாட்டை விட்டு வெளி மாநிலங்களில் வாழும் தமிழர்களாகிய நாமே என்பதையும் சொல்ல நினைக்கிறேன்.

எல்லா இசையையும் இந்தச் சிறு நேரத்தில் பேச முடியாது. ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளுகிறேன். கித்தார், பேஸ் கித்தார், டிரம்ஸ் ஆகியவற்றை வைத்துக்கொண்டு நான்கைந்து இளைஞர்கள் சேர்ந்து, தாங்களே பாட்டு எழுதி, தாங்களே மெட்டமைத்து, சினிமாக் கம்பெனியின் தயவும் பெரிய இசைத்தட்டுக் கம்பெனியின் தயவும் இல்லாமல் பாடுகிறார்களே, அந்த இசை. அதைச் சுயாதீன ராக் இசை என்கிறார்கள். ராக் என்ற ஆங்கிலச் சொல்லுக்குப் பாறை என்றும் பொருள் உண்டு. ஆட்டம், அசைவு என்றும் பொருள் உண்டு. இசைக்குப் பெயர் வந்தது இரண்டாவது பொருளால். தங்கவயல்காரர்களுக்கு இரண்டும் பழக்கம். பூமியின் ஆழத்தில் பாறை அழுத்தம் தாங்காமல் வெடிக்கும்போது மேலே வீட்டில் பாத்திரங்கள் கலகலவென்று ஆடும். அதை நாங்கள் ‘ஏர்பிளாஸ்ட்’ என்போம். குழந்தைகள் அதற்கு விழித்துக்கொள்ளாமல் தூங்கப் பழகிவிடுவார்கள்.

பெரியவர்கள் பலருக்கு ராக் இசை என்றாலே இரைச்சல் என்ற எண்ணம் இருக்கிறது. தமிழுக்கும் அதற்கும் என்ன உறவு என்று கேட்கிறவர்களும் உண்டு. அவர்களுக்கு ஒன்று நினைவூட்டலாம். 1970-களில் இலங்கையில் நித்தி கனகரத்தினமும் ஏ. ஈ. மனோகரனும் தமிழில் பாடிய பாப் பாடல்கள், சினிமாவின் துணையின்றியே கடல் தாண்டித் தமிழ்நாட்டுக்கு வந்து சேர்ந்தன. கித்தார் தமிழோடு ஒட்டாது என்று அப்போது யாரும் அதை ஒதுக்கவில்லை. நாகசுரத்தோடு கிளாரினெட்டையும் தவிலோடு பாண்டு வாத்தியத்தையும் கேட்டுப் பழகிய காது நம்முடைய காது. கருவி எந்தத் தேசத்தது என்பது பெரிதில்லை. அதை வைத்துக்கொண்டு சொல்லுவதற்கு ஒருவனிடம் சொந்தமாக ஏதாவது இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

இனி என்னுடைய பிழை ஒன்றைச் சொல்ல வேண்டும். அதைச் சொல்லாமல் பிறருக்கு யோசனை கூறுவது முறையாகாது.

சுரங்கங்கள் மூடிய பிறகு தங்கவயல் மக்களில் ஆயிரக்கணக்கானோர் அன்றாடம் ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குப் போய்வருகிறார்கள். மாரிக்குப்பத்தில் புறப்படும் வண்டி சாம்பியன், ஊரிகம், கோரமண்டல் என்று நின்று நின்று பங்காருப்பேட்டை வழியாகப் போகும். விடியுமுன் ஏறி, இருட்டிய பிறகு இறங்குவார்கள். சில ஆண்டுகளுக்கு முன்பு நானும் அந்த வண்டியில் போய்வந்துகொண்டிருந்தேன். பாலகாட் லைன் வீடுகளைச் சேர்ந்த பையன் ஒருவன் தோளில் கித்தார் பையோடு அதே வண்டியில் வருவான். மாதா கோவிலில் பாட்டுக் குழுவுக்கு வாசித்துக் கற்றுக்கொண்டவன். அவனும் நண்பர்கள் மூவருமாக ஒரு குழு வைத்திருந்தார்கள். நான் அவ்வப்போது பத்திரிகைகளில் இசையைப் பற்றி எழுதுகிறவன் என்பதை யார் மூலமாகவோ தெரிந்துகொண்டு, ஒரு நாள் தன் பாட்டுகளில் நான்கைப் பதிவு செய்து என்னிடம் கொடுத்தான்.

ஒரு பாட்டு இன்னும் என் காதில் இருக்கிறது. சுரங்கத்தின் சங்கு நின்றுபோன மறுநாள் காலையில், பழக்க தோஷத்தால் விழித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஒரு கிழவரைப் பற்றியது. அதன் தாளம் கனத்த, மெதுவான தாளம். கல்லை இடிக்கும் மில்லின் சத்தத்தைத் தன் தாத்தா கையால் தட்டிக் காட்டியதாகவும், அதையே டிரம்ஸில் வைத்ததாகவும் அவன் சொன்னான். குறைகளும் இருந்தன. நடுவில் கித்தார் மிகுந்து, சொல் புதைந்து போயிற்று. முடிவும் இழுபட்டது.

அடுத்த வாரம் வண்டியில் பார்த்தபோது, “நன்றாக இருக்கிறது தம்பி” என்றேன். அவன் முகத்தில் மகிழ்ச்சி தோன்றவில்லை. “சார், நல்லா இருக்குன்னு எல்லாருந்தான் சொல்றாங்க. எந்த இடத்துல சரியில்லைன்னு நீங்க சொல்லுங்க” என்றான். விரிவாக எழுதித் தருவதாகவும், பெங்களூரில் தெரிந்தவர்களிடம் சொல்லுவதாகவும் வாக்குக் கொடுத்தேன். இரண்டையும் செய்யவில்லை. இன்று நாளை என்று நாள் கடந்தது. ஒன்றரை வருஷத்துக்குப் பிறகு அவனை மறுபடி பார்த்தபோது தோளில் கித்தார் இல்லை. தங்கையின் கல்யாணத்துக்காக விற்றுவிட்டதாகச் சொன்னான். அவன் என்னைக் குறை கூறவில்லை. நானே கேட்டிருந்தால்கூட, “அதெல்லாம் விடுங்க சார்” என்றுதான் சொல்லியிருப்பான்.

வறுமைதான் அவனை நிறுத்தியது என்று எனக்கு நானே ஆறுதல் சொல்லிக்கொள்ளலாம். வறுமையும் காரணந்தான். ஆனால் அவனுடைய பாட்டைப் பத்துப் பேர் உண்மையாகக் கேட்டுப் பதில் சொல்லியிருந்தால், விற்பதற்கு முன் ஒரு தடவை யோசித்திருப்பான் அல்லவா? பரிசோதனைச் சாலைக்கு வந்த பையை அவிழ்க்காமலே மூலையில் போட்டவன் நான்.

அவிழ்த்துப் பார்த்தவர்களும் உலகத்தில் உண்டு. இங்கிலாந்தில் ஜான் பீல் என்று ஒருவர் இருந்தார். 1967 முதல் 2004-இல் மறையும் வரை பி.பி.சி. வானொலியில் இசை நிகழ்ச்சி நடத்தியவர். பெயர் தெரியாத இளைஞர்கள் தபாலில் அனுப்பும் ஒலிநாடாக்களைப் பொறுமையாகக் கேட்பதைத் தம் தொழிலின் பகுதியாகவே கொண்டிருந்தார். 1978-இல் வட அயர்லாந்தின் டெர்ரி என்ற ஊரிலிருந்து வந்த ‘தி அண்டர்டோன்ஸ்’ என்ற குழுவின் ஒரு பாட்டு அவருக்குப் பிடித்துப்போயிற்று. அதை ஒலிபரப்பி முடித்தவுடனே, அதையே மறுபடியும் ஒலிபரப்பினார். கலவரங்களின் செய்தியாக மட்டுமே வெளியுலகம் கேட்டுக்கொண்டிருந்த ஓர் ஊரின் பெயரை அன்று நல்ல பாட்டு ஒன்றின் பெயரோடு சேர்த்து மக்கள் கேட்டார்கள்.

அது வெளிநாட்டுக் கதை, பெரிய வானொலியின் கதை என்று சொல்லலாம். நம் நாட்டிலேயே அலகாபாத்தில் அமித் சைகல் என்பவர் 1993-இல் ‘ராக் ஸ்ட்ரீட் ஜர்னல்’ என்ற பத்திரிகையைத் தொடங்கினார். பம்பாயிலோ பெங்களூரிலோ அல்ல, கங்கையும் யமுனையும் கூடும் ஊரில் என்பதைக் கவனிக்க வேண்டும். எந்த ஊரில் எந்தக் கல்லூரிப் பிள்ளைகள் குழு அமைத்திருக்கிறார்கள், என்ன வாசிக்கிறார்கள் என்று தேடித் தேடி எழுதினார்கள். புதிய குழுக்களின் பாடல்களைத் தொகுத்து வெளியிட்டார்கள். 1997-இல் ‘கிரேட் இண்டியன் ராக்’ என்ற விழாவையும் தொடங்கினார்கள். ஓர் ஊர்ப் பிள்ளை மற்றோர் ஊர்ப் பிள்ளையின் பெயரை அறிந்தது இதனாலேதான். 2012-இல் அவர் காலமானார். வழி காட்டிய பெருமை நிற்கிறது.

தங்கவயலுக்கும் இந்தப் பண்பு புதிதன்று. அயோத்திதாச பண்டிதர் 1907-இல் சென்னையில் தொடங்கி நடத்திய ‘தமிழன்’ பத்திரிகை அவர் மறைவுக்குப் பின் நின்றுபோயிற்று. அதை 1926-இல் மறுபடி உயிர்ப்பித்து நடத்தியவர் தங்கவயலில் இருந்த ஜி. அப்பாதுரையார். பண்டிதருடைய எழுத்துகளைப் புத்தகமாக்கிக் காப்பாற்றியதும் இங்கிருந்த சித்தார்த்த புத்தகசாலை. சுரங்கக் கூலிக்காரர்களின் ஊர், பெரிய பட்டணம் கவனிக்காமல் விட்ட ஒரு குரலைக் காது கொடுத்துக் கேட்டுப் பிறருக்குச் சொல்லிற்று. அந்தக் குரல் பின்னாளில் இசைக்குள்ளும் வந்தது. 2018-ஆம் ஆண்டு ஜனவரி 6-ஆம் நாள் சென்னையில் ‘தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ என்ற குழு முதன்முதலாக மேடையேறியது. இயக்குநர் பா. ரஞ்சித்தும் இசைக் கலைஞர் டென்மாவும் முன்னின்று சேர்த்த குழு அது. கானாப் பாடகர்களும் பறையும் ஒரு பக்கம், கித்தாரும் டிரம்ஸும் மறுபக்கம். அதன் பெயர், சாதியில்லாத் தமிழர் என்ற அயோத்திதாசரின் கருத்திலிருந்து எடுக்கப்பட்டது.

சரி, புதியவர்களைத் தேடுவது எப்படி? கடையில் இல்லை, சினிமாவில் இல்லை, எங்கே போய்த் தேடுவது என்று நீங்கள் கேட்கலாம். நான் கண்ட வழி எளியது. தெரிந்த ஒரு குழுவிலிருந்து தொடங்கி, அதில் இருப்பவர்களின் பெயர்களைப் பிடித்துக்கொண்டு நடக்க வேண்டும். பாட்டின் கீழே கித்தார் யார், டிரம்ஸ் யார், ஒலிப்பதிவு யார் என்று எழுதியிருக்கும். பெரும்பாலோர் படிப்பதில்லை. அதைப் படிக்கிறவருக்கு ஒரு பெயரிலிருந்து மற்றொரு பெயர் கிடைக்கும். கேஸ்ட்லெஸ் கலெக்டிவைக் கேட்டு டென்மாவின் பெயரைப் பிடித்தால், அவரும் கபேர் வாசுகியும் சேர்ந்த ‘குரங்கன்’ குழுவுக்கு வந்து சேரலாம். ‘லா பொங்கல்’ என்ற குழுவைத் தேடினால் அங்கே பிரதீப் குமார், தர்புகா சிவா, அந்தோணி தாசன் ஆகிய மூவரும் இருப்பார்கள். 2021-இல் வந்த ‘மண்டேலா’ படத்தின் இசையை ரசித்தவர்கள், அதற்கு இசையமைத்த பரத் சங்கர் ‘ஊர்கா’ என்ற தமிழ் ராக் குழுவில் பாடியவர் என்பதை அறிந்தால் அந்தப் பாடல்களையும் தேடுவார்கள்.

வெளி மாநிலத் தமிழருக்கு இன்னொரு வசதியும் உண்டு. அக்கம்பக்கத்துப் பாஷையும் நமக்குப் பழக்கம். பெங்களூரில் 2003-இல் உருவான ‘அகம்’ குழுவினர், பகலில் கம்ப்யூட்டர் உத்தியோகம் பார்த்துக்கொண்டே தியாகராஜ கீர்த்தனைகளை ராக் இசையோடு இணைத்துப் பழகி, 2012-இல் முதல் ஆல்பத்தை வெளியிட்டவர்கள். கேரளத்தின் ‘அவியல்’ குழு 2008-இல் மலையாளத்திலேயே முழு ராக் ஆல்பம் ஒன்றைத் தந்து, சொந்தப் பாஷையில் பாடினால் போதும் என்று பிறருக்குத் தைரியம் கொடுத்தது. இவர்களெல்லாரும் இன்று புகழ் பெற்றவர்கள். என் சிபாரிசு இவர்களுக்குத் தேவையில்லை. ஆனால் இவர்களைக் கேட்டுப் பழகிய காதுக்குத்தான் நாளை வரப்போகிறவர் யார் என்று தெரியும். கல்லூரி விழாக்களிலும், மாதா கோவில் பாட்டுக் குழுக்களிலும், பெரிய குழு மேடையேறுமுன் அரை மணி நேரம் வாசித்துவிட்டு இறங்கும் சிறு குழுக்களிலும் அவர் இருக்கிறார். கச்சேரிக்கு அரை மணி நேரம் முன்னதாகப் போங்கள் என்பதுதான் இதில் உள்ள ரகசியம்.

கண்டுபிடித்த பிறகு என்ன செய்வது? முதலில், ஒரு தடவை கேட்டுத் தீர்ப்புச் சொல்லாதீர்கள். ஏழை இளைஞர்கள் வாடகை அறையில் பதிவு செய்த பாட்டுக்குச் சினிமாப் பாட்டின் மெருகு இராது. முதல் தடவை அந்தக் குறைதான் காதில் விழும். மூன்றாம் தடவைதான் பாட்டுக் காதில் விழும். வேறொருவரைப் போலப் பாடுகிறாரா, தம்மைப் போலவே பாடுகிறாரா என்று பாருங்கள். இளையவர் எல்லாரும் யாரையாவது பின்பற்றித்தான் தொடங்குவார்கள், அது குற்றமல்ல. பத்துப் பாட்டில் ஒரு பாட்டிலாவது தம் சொந்தத் தெரு, சொந்தச் சொல், சொந்தத் துக்கம் எட்டிப் பார்க்கிறதா என்பதுதான் உரைகல்.

இரண்டாவது, சிபாரிசு செய்யும்போது அளவாகச் செய்யுங்கள். “இவர் அடுத்த இளையராஜா” என்று சொல்லுவது அந்த இளைஞரின் தலையில் பாறாங்கல்லை ஏற்றுவதாகும். கேட்பவருக்கும் ஏமாற்றம். ஒரே ஒரு பாட்டைக் குறிப்பிட்டு, அதில் எந்த இடம் உங்களைப் பிடித்து நிறுத்தியது என்று இரண்டு வாக்கியம் சொன்னால் போதும். அந்தப் பாட்டைப் பிடிக்கக்கூடிய ஒருவரிடம் சொல்லுங்கள்; நூறு பேருக்கு ஒரே செய்தியை அனுப்பினால் ஒருவரும் கேட்கமாட்டார்கள். உறவினர் பிள்ளை என்பதற்காக ஒன்றையும் சிபாரிசு செய்யாதீர்கள். இரண்டு தடவை அப்படிச் செய்தால் மூன்றாம் தடவை உங்கள் சொல்லுக்கு மதிப்பிராது. குறையைப் பாடியவரிடமே சொல்லுங்கள். நிறையைப் பிறரிடம் சொல்லுங்கள். நான் செய்தது இதற்கு நேர்மாறு.

மூன்றாவது, காசு விஷயம். இன்று பெரும்பாலோர் கைப்பேசியில்தான் பாட்டுக் கேட்கிறோம். ஸ்பாட்டிஃபை என்ற பெரிய நிறுவனம் 2024 முதல் ஒரு விதி வைத்திருக்கிறது. முந்திய 12 மாதங்களில் 1000 தடவையாவது கேட்கப்படாத பாட்டுக்கு உரிமைத்தொகை கிடையாது. ஒருவரே திரும்பத் திரும்பக் கேட்டு எண்ணிக்கையை நிரப்ப முடியாதபடி, தனித்தனி நேயர்கள் பலர் வேண்டும் என்ற நிபந்தனையும் உண்டு. ஆனால் ஒரு தமிழ்ச் சங்கத்தைச் சேர்ந்த 100 பேர், ஒரு வருஷத்தில் தலைக்குப் பத்துத் தடவை கேட்டால் கணக்கு 1000 ஆகிவிடும். அதனால் வரும் தொகை சொற்பமே. ஆயினும், கேட்பாரற்ற பாட்டு என்ற வரிசையிலிருந்து அது வெளியே வந்துவிடும். கைப்பேசி தானாக நமக்கு எடுத்துக் கொடுக்கும் பாட்டுகள், ஏற்கெனவே பலர் கேட்டவற்றின் கணக்கைப் பெரிதும் நம்பி வருகின்றன. யாரும் கேளாத பாட்டை முதலில் கேட்பதற்கு ஒரு மனிதர்தான் வேண்டும்.

வெளி மாநிலத் தமிழ்ச் சங்கங்களுக்கு ஒரு விண்ணப்பம். தாராவியிலும், டில்லியிலும், சூரத்திலும், கல்கத்தாவிலும் ஆண்டுதோறும் பொங்கல் விழா நடத்துகிறோம். விழாவில் சினிமாப் பாட்டுக் கச்சேரி வைக்கிறோம். வைக்க வேண்டியதுதான், குழந்தைகளுக்குத் தமிழ் மறக்காமல் இருப்பதற்குச் சினிமாப் பாட்டும் உதவுகிறது. அதில் அரை மணி நேரத்தை மட்டும் சொந்தப் பாட்டுப் பாடும் இளைஞர் குழு ஒன்றுக்கு ஒதுக்குங்கள். பேசிய தொகையைக் கையில் கொடுங்கள், பொன்னாடையோடு நிறுத்திவிடாதீர்கள். தாய்நாட்டை விட்டு வந்தவர்களின் வாழ்க்கை சினிமாப் பாட்டில் அதிகம் வருவதில்லை. விடியற்கால ரயிலும், வாடகை வீடும், இரண்டு பாஷை பேசும் குழந்தையும் யாருடைய பாட்டில் வரும்? நம் பிள்ளைகள் எழுதினால்தான் வரும். அவர்கள் எழுதி, நாம் கேளாமல் விட்டால், இங்கே இப்படி ஒரு கூட்டம் வாழ்ந்தது என்பதற்குப் பாட்டுச் சாட்சி இல்லாமல் போய்விடும்.

தங்கவயலுக்கு வருகிறவர்கள் முதலில் பார்ப்பது, மலை போல் குவிந்திருக்கும் சயனைடு மண்மேடுகளை. தங்கத்தைப் பிரித்தெடுத்த பிறகு வேண்டாம் என்று கொட்டிய மண் அது. அந்த மண்ணில் இன்னும் தங்கம் மிச்சம் இருக்கிறது என்று கண்டு, அதை மறுபடி எடுப்பதற்கான முயற்சிக்குக் கர்நாடக அரசு 2024-இல் இசைவு தந்தது. ஒரு தலைமுறை கழித்துவிட்டதை மறு தலைமுறை சோதித்துப் பார்க்கிறது. மண்ணுக்கு அந்தப் பொறுமை உண்டு. எத்தனை ஆண்டானாலும் கிடக்கும். மனிதன் அப்படிக் கிடக்கமாட்டான். பிழைப்பைத் தேடிப் போய்விடுவான்.

அந்த நான்கு பாட்டுகளையும் சென்ற மாதம் எடுத்து முழுமையாகக் கேட்டேன். எந்த இடத்தில் சொல் புதைகிறது, எங்கே முடிவு இழுபடுகிறது என்று இரண்டு பக்கம் எழுதி, அந்தத் தம்பிக்கு அனுப்பினேன். அவன் சம்மதத்தின் பேரில், கிழவரைப் பற்றிய பாட்டை மட்டும் பெங்களூரில் இசைக்குழு வைத்திருக்கும் இருவருக்கு அனுப்பியிருக்கிறேன். பல வருஷம் தாமதமான கடிதம். அவனிடமிருந்து வந்த பதில் ஒரே வரிதான்: “சார், அந்தக் கடைசி அடி எனக்கும் அப்பவே உறுத்திச்சு.” மறுபடி வாசிப்பானா என்பது அவன் கையில் இருக்கிறது. உங்கள் ஊரில், உங்கள் வண்டியில், தோளில் கித்தார் பையோடு யாராவது ஏறினால், அவரிடம் ஒரு பாட்டுக் கேட்டு வாங்கி, மூன்று தடவை கேட்டுவிட்டு, அந்த வாரத்திலேயே பதில் சொல்லுங்கள்.